ஒரு நம்பர், நாலு பெயர்: வன்னிக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் பட்டியலைச் சேர்த்தெடுக்கிற வேலை

கிளிநொச்சியில் பசளை, மருந்து, நீர்ப்பம்பி, உழவு மெஷின் பாட்ஸ் விற்கிற ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். பில் அடிக்கிற சொப்ட்வெயாரில் "எஸ். சிவகுமார்" என்று ஒருவர் இருக்கிறார். கடன் கொப்பியில் "மில்லடிச் சிவம்" என்று ஒரு கணக்கு. கடையின் வட்ஸ்அப்பில் முருகன் படம் போட்ட ஒருவர் வெறும் "சிவா" என்ற பெயரில் கதைக்கிறார். பேஸ்புக் பக்கத்தில் "பரந்தன் சிவா" இரண்டு இஞ்சிப் (அங்குலப்) பம்பி என்ன விலை என்று கேட்டிருக்கிறார். அதே கிழமை +1இல் தொடங்கும் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்: "அப்பாவுக்கு ஒரு பம்பி அனுப்ப வேணும், காசு இங்கேயிருந்து போடுறன்."

ஐந்து பதிவு. உண்மையில் இரண்டு பேர், ஒரு வீடு. இதைக் கண்டுபிடிக்காத கடை ஒரே வீட்டுக்கு நாலு எஸ்எம்எஸ் அனுப்பும். பம்பி வாங்கி முடித்தவருக்கே பம்பி விளம்பரத்தைக் காட்டும். ரொறன்ரோவில் இருக்கிற மகளுக்குச் "சேர்விஸ் பண்ணக் கொண்டுவாங்கோ" என்று எழுதும். ஆனால் அவசரப்பட்டுப் பிழையாகச் சேர்க்கிற கடையின் கதை அதைவிட மோசம். அண்ணனின் கடன் தம்பியின் பெயரில் ஏறும். சேர்க்காமல் விட்டால் எஸ்எம்எஸ் காசுதான் போகும், பிழையாகச் சேர்த்தால் ஆளே போய்விடுவார். ஆகவே கீழே சொல்கிற எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தால் சேர்க்காமல் விடுகிற பக்கமே நிற்கிறேன்.

இதற்கென்று பெரிய விலைக்கு விற்கிற சொப்ட்வெயார்கள் உண்டு. இருபது முப்பதாயிரம் பதிவு வரைக்கும் அவை தேவையில்லை. எக்ஸல், பட்டியலைத் துப்புரவாக்குகிற இலவச சொப்ட்வெயாரான ஓப்பன்ரிஃபைன், பைதன் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்த ஒரு பிள்ளை, ஊர் ஆட்களைத் தெரிந்த கவுண்டர் ஆள் ஒருவர், இவ்வளவும் போதும். கடைசி ஆள்தான் முக்கியம். மில்லடிச் சிவமும் எஸ். சிவகுமாரும் ஒருவர்தானா என்று எந்த மெஷினுக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும்.

முதலில் நம்பரைத் துப்புரவாக்குங்கள்

எல்லா இலங்கை நம்பரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்: 94, அதன் பின் ஒன்பது இலக்கம். இடைவெளி, கோடு, அடைப்புக்குறி, பிளஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிஞ்சுவதை எண்ணுங்கள். 0இல் தொடங்கிப் 10 இலக்கம் இருந்தால் 0ஐ எடுத்து 94 போடலாம். 0094 என்று தொடங்கினால் முன்னாலுள்ள இரண்டு 0ஐயும் எடுங்கள். 7இல் தொடங்கி 9 இலக்கம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் எக்ஸலின் வேலை. நம்பரை எண் என்று நினைத்து முன்னாலுள்ள 0ஐ அது விழுங்கிவிடும். அதற்கும் 94 சேர்க்கலாம்.

எக்ஸல் செய்கிற இன்னொரு அநியாயத்துக்கு மருந்தில்லை. 94இல் தொடங்கும் நீளமான நம்பரை 9.48E+10 போன்ற சுருக்க எண்ணாகக் காட்டலாம். அந்தக் கோலத்திலேயே சிஎஸ்வி (வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடக்கூடும், போனால் போனதுதான். கோப்பை நேரே திறக்காமல் எக்ஸலுக்குள் இறக்குமதி செய்து, அப்போதே அந்த நிரலை "டெக்ஸ்ட்" என்று குறியுங்கள். மூலக்கோப்பின் ஒரு பிரதியை யாரும் தொடாத இடத்தில் வையுங்கள்.

இனி வன்னிக்கே உரிய பொறி. இங்கே பாதி வீட்டுக்கு வெளிநாட்டு நம்பர் ஒன்றாவது இருக்கும். லண்டன் கைத்தொலைபேசி அந்த நாட்டு வழக்கில் 07இல் தொடங்கும், ஆனால் 11 இலக்கம், எண்ணினால் பிடிபடும். பிரான்ஸில் 06, 07 என்று தொடங்கிப் 10 இலக்கம். சுவிஸில் 076, 077, 078, 079 என்று தொடங்கி அதுவும் 10 இலக்கம். சுவிஸில் இருக்கிற மருமகன் தன் 078 நம்பரை அந்த ஊர் வழக்கப்படி சொல்ல, கவுண்டரில் நிற்கிற பிள்ளை அப்படியே எழுதினால், அது இங்குள்ள ஹட்ச் கொம்பனியின் நம்பர் ஒன்றைப் போலவே இருக்கும். 94 போட்டு அனுப்பினால் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்குப் போகும். 079 என்றிருந்தால் வெளிநாடு என்று சந்தேகிக்கலாம், மற்றவற்றுக்கு இலக்கத்தைப் பார்த்து வழி சொல்ல முடியாது. வெளிநாட்டு நம்பரை வாயால் கேட்டு எழுதவே கூடாது, வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடச் சொல்லி அங்கிருந்து நாட்டுக் குறியீட்டோடு எடுப்பதுதான் ஒரே வழி.

024, 023, 021 என்று தொடங்குபவை வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் - கிளிநொச்சிப் பக்கத்து நிலையான இணைப்புகள். அவை ஆளுக்கு உரியவையல்ல, வீட்டுக்கு அல்லது அலுவலகத்துக்கு உரியவை. எஸ்எம்எஸ் பட்டியலில் அவற்றைப் போடாதீர்கள். 0770000000, 0771111111 போன்றவை பில் அடிக்கிறவர் நம்பர் கேட்க மினக்கெடாமல் அடித்தவை. கடையின் சொந்த நம்பரும் விற்பனைப் பையனின் நம்பரும் அப்படித்தான் நூறு பில்லில் கிடக்கும். ஒவ்வொரு நம்பரும் எத்தனை வேறு பெயரோடு வருகிறது என்று எண்ணி, கூடியதிலிருந்து குறைந்ததுக்கு அடுக்குங்கள். மேலே வருகிற முதல் இருபதைக் கண்ணால் பார்த்தாலே குப்பை முழுவதும் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் மேலே போனால் நூறு பேர் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

ஆள், வீடு, நம்பர்: மூன்றும் மூன்று அட்டவணை

வெளிநாட்டு வழிகாட்டிகள் "ஒரு நம்பர், ஒரு ஆள்" என்று எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. இங்கே அது முதல் நாளே உடையும். அம்மாவின் போனில்தான் மகன் வட்ஸ்அப் பார்ப்பான். அப்பாவிடம் இரண்டு சிம் இருக்கும், ஒன்று வயலுக்குப் போகும்போது சிக்னல் எடுக்கிறது, மற்றது டேட்டா மலிவானது. பாவிக்காமல் விட்ட நம்பரைக் கொம்பனி கொஞ்சக் காலத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

அதனால் ஆளுக்கு ஒரு அட்டவணை, வீட்டுக்கு ஒன்று, நம்பருக்கு ஒன்று. ஆளையும் நம்பரையும் இணைக்கிற நாலாவது அட்டவணையில் ஐந்து விடயம் இருக்கட்டும்: எந்த ஆள், எந்த நம்பர், என்ன உறவு (சொந்தம், வீட்டுப் போன், காசு போடுபவர்), முதல் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள். ஒரு வருடத்துக்கு மேல் காணாத நம்பரில் புதிதாக வேறு பெயர் வந்தால் பழைய இணைப்பை மூடிப் புதிதாகத் திறவுங்கள், பழையதை அழிக்க வேண்டாம்.

"காசு போடுபவர்" என்ற உறவைப் புறம்பாக வைப்பதில்தான் வன்னிக் கடைக்கு லாபம். ரொறன்ரோ மகளுக்குப் போக வேண்டியது பில்லும், சாமான் வீட்டில் இறக்கிய படமும், தைப்பொங்கலுக்கு முன்னர் ஒரு விலைப்பட்டியலும். பரந்தன் அப்பாவுக்குப் போக வேண்டியது பம்பிக்கு எண்ணெய் மாற்றுகிற நினைவூட்டலும், காலபோகத்துக்கு முன்னர் பசளை வந்த செய்தியும். இருவரும் ஒரே வீட்டின் கீழ் இருக்க வேண்டும், ஒரே ஆளாகக் கூடாது.

பெயரில்தான் வேலை கிடக்கிறது

முதல் தொல்லை எழுத்துரு. பழைய கோப்புகளில் பாமினியில் அடித்த தமிழ் இருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஒரு நுணுக்கம் உண்டு: "கொ" என்பதில் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கொம்பியூட்டருக்கு இரண்டு. "கொடிகாமம்" இரண்டு ஊராக நிற்பதற்கு இதுதான் காரணம். யூனிகோட் சீராக்கம் என்று பைதன் போன்ற கணினி மொழிகளில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, அதைக் கட்டாயம் ஓட்டுங்கள்.

அடுத்தது பெயர்ச் சாவி. ஒரே பெயரின் பல எழுத்து வடிவங்களுக்கும் ஒரே சாவி வர வேண்டும். இதற்கு இங்கிலீஷ் பெயர்களின் ஒலியைப் பார்த்துச் சாவி போடுகிற சவுண்டெக்ஸ், மெட்டாபோன் முறைகள் சரிவராது. தமிழுக்கு நாமே விதி எழுத வேண்டும், பத்து வரிதான். ஜ, ஷ, ஸ மூன்றையும் ச ஆக்குங்கள், ராஜாவும் ராசாவும் ஒன்றாகும். ந, ண, ன ஒன்று. ல, ள, ழ ஒன்று. ர, ற ஒன்று. குறில் நெடிலைச் சமமாக்குங்கள். இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குங்கள். ர, ல முன்னால் வருகிற இ, உ வை எடுத்துவிடுங்கள். இராசேந்திரமும் ராஜேந்திரமும், உலோகநாதனும் லோகநாதனும் அப்போது ஒன்றாகும். இங்கிலீஷில் எழுதிய பெயர்களை முதலில் தமிழ் ஒலிக்கு மாற்றிவிட்டு இதே விதியில் விடுங்கள்.

ஆனால் வாலை வெட்டாதீர்கள். சிவகுமார், சிவகுமாரன், சிவகுமாரி மூன்றும் மூன்று சாவியாக நிற்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் சிவகுமாரும் தங்கச்சி சிவகுமாரியும் இருப்பார்கள், தகப்பன் பெயரின் அதே முதலெழுத்து, அதே வீட்டுப் போன், அதே விலாசம். யோகராசா, யோகநாதன், யோகேஸ்வரி என்று பிள்ளைகளுக்கு வரிசையாகப் பெயர் வைக்கிற ஊர் இது. பெயர் ஒற்றுமை பார்க்கப் பலர் எடுத்துப் போடுகிற ஜாரோ-விங்க்ளர் முறை, முன்னெழுத்துகள் ஒத்திருந்தால் கூடுதல் புள்ளி கொடுக்கிற மாதிரிச் செய்யப்பட்டது. நம் சகோதரங்களை ஒரே ஆளாக்க அதைவிட நல்ல வழி கிடையாது! அதை விட்டுவிட்டுச் சாவி முழுதாக ஒத்தால் மட்டும் புள்ளி கொடுங்கள் (புள்ளிக் கணக்கு கீழே வருகிறது).

முதலெழுத்தையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. கலியாணத்துக்குப் பிறகு பெண்களின் பெயருக்கு முன்னால் சிலவேளை கணவரின் எழுத்து வரும், அடையாள அட்டையில் தகப்பனின் எழுத்தே நிற்கும். ஆகவே முதலெழுத்து ஒத்தால் சின்னப் புள்ளி, ஒத்துவராவிட்டால் பெண்களுக்குத் தண்டனை இல்லை.

ஊர்ப் பெயரை விசைப்பலகையில் அடிக்க விடாதீர்கள், பட்டியலிலிருந்து தெரிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுக்குடியிருப்பு, புதுக்குடி, பி.ரி.கே. என்று ஒரே இடம் மூன்றாகும். கிராம அலுவலர் பிரிவை வைத்தால் இன்னும் நல்லது. அடையாள அட்டையிலுள்ள விலாசத்தை இருப்பிடமாக எடுக்காதீர்கள், இடம்பெயர்ந்து 2009இற்குப் பின்னர் மீளக் குடியேறிய பலரின் அட்டையில் வேறு ஊர்தான் இருக்கிறது.

அடையாள அட்டை எண்

தவணைக்கும் கடனுக்கும் கொடுத்த இடத்தில் மட்டும் இது இருக்கும். ஒரே ஆள் பழைய எண்ணோடு ஒரு தடவையும் புதிய எண்ணோடு ஒரு தடவையும் வந்திருப்பார், மாற்றுவது லேசு. பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும்: ஆண்டுக்கு 2, நாளுக்கு 3, தொடர் இலக்கம் 3, சரிபார்ப்பு இலக்கம் 1. முன்னால் 19 போட்டு, நாளுக்கான மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை எடுத்தால் 12 இலக்கப் புதிய வடிவம். நாளில் 500 கூட்டியிருந்தால் பெண். நாளை 366 நாள் கணக்கில்தான் எண்ணுகிறார்கள், எனவே பெப்ரவரிக்குப் பிறகு சாதாரண ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளி வரும், பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

எண்ணைப் பார்த்தாலே வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும் என்றால், அதை விளம்பரப் பட்டியலில் வைக்கக்கூடாது என்பதும் விளங்கும். சேர்க்கிற வேலைக்கு மட்டும் பாவித்துவிட்டுப் பூட்டி வையுங்கள். "ஹாஷ் பண்ணி (திருப்பி வாசிக்க முடியாத குறியீடாக மாற்றி) வைத்திருக்கிறோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. போன் நம்பரையே எடுங்கள்: 07இற்குப் பின் எட்டு இலக்கம் என்றால் மொத்தம் பத்துக் கோடி நம்பர்தான். சாதாரண லப்டொப் ஒன்று அத்தனையையும் ஹாஷ் பண்ணிப் பார்த்து எது யாருடையது என்று கெதியாகச் சொல்லிவிடும். இரகசியச் சாவி சேர்த்த ஹாஷ் வேண்டும், அந்தச் சாவி வேறிடத்தில் இருக்க வேண்டும்.

புள்ளி போடுவது

எட்டாயிரம் பதிவை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 3,19,96,000 சோடி வரும். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. நம்பர் ஒத்தவை, பெயர்ச் சாவியும் ஊரும் ஒத்தவை, பம்பியின் சீரியல் இலக்கம் ஒத்தவை, இந்த மூன்று கூட்டத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

தொடங்குவதற்கு இப்படி வைக்கலாம்: நம்பர் 40, பெயர்ச் சாவி 25, முதலெழுத்து 10, ஊர் 10, சீரியல் அல்லது உத்தரவாத அட்டை இலக்கம் 30. ஆண் பெண் வேறென்றால் 40 குறையும், அடையாள அட்டை எண் வேறென்றால் 100 குறையும். 75உம் அதற்கு மேலும் சேரலாம். 50இலிருந்து 74 வரை கவுண்டர் ஆள் பார்ப்பார். அதற்குக் கீழே தொட வேண்டாம். அண்ணன் தம்பிக்கு நம்பர், முதலெழுத்து, ஊர் ஒத்து 60 வரும், மனிதர் பார்ப்பார். அண்ணன் தங்கச்சிக்கு அதிலிருந்து 40 குறைந்து 20, ஒருபோதும் சேராது. இந்த எண்கள் கல்வெட்டல்ல. கடையின் பதிவிலிருந்து 200 சோடியை எடுத்து, ஊர் தெரிந்தவரை வைத்து "ஒருவர் / வேறு" என்று குறித்து, அதற்கு ஏற்றாற்போல் கூட்டிக் குறையுங்கள்.

அ-வும் ஆ-வும் நம்பரால் சேர, ஆ-வும் இ-யும் பெயரால் சேர, பார்த்திருக்க அ-வும் இ-யும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். இந்தச் சங்கிலிதான் எல்லா இடத்திலும் ஆளை விழுத்துகிறது. சேர்ந்த ஒரு கூட்டத்தில் ஆறு பதிவுக்கு மேல் இருந்தாலோ, இரண்டு அடையாள அட்டை எண் இருந்தாலோ தானாகச் சேர விடாதீர்கள்.

பேஸ்புக், வெப்சைட், வட்ஸ்அப்

பேஸ்புக் மெசஞ்சரில் வருகிறவருக்கு உங்கள் பக்கத்துக்கென்றே ஒரு இலக்கம் கிடைக்கும், அதிலிருந்து அவரின் போன் நம்பர் வராது. வெப்சைட் குக்கியும் (வந்தவரை அடையாளம் காண பிரவுசரில் வைக்கிற சிறு குறிப்பு) அதிகம் உதவாது. பேஸ்புக்குக்குள்ளேயே திறக்கிற பக்கமும் குரோமில் திறக்கிற பக்கமும் ஒரே போனில் இரண்டு ஆளாகத் தெரியும். ஐபோன் சஃபாரியில் வெப்சைட்டின் ஸ்கிரிப்ட் எழுதுகிற குக்கி ஏழு நாளில் போய்விடும். கடை வைஃபையில் போனின் மெக் முகவரியை (வைஃபைக்கு அது காட்டுகிற இலக்கத்தை) பிடித்து ஆளை அடையாளம் காணலாம் என்று யாராவது விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10இலிருந்தும் ஐஓஎஸ் 14இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு முகவரி காட்டுகின்றன.

இங்கே எடுபடுகிற வழி ஒன்று உண்டு. வெப்சைட்டில் ஒவ்வொரு சாமானுக்குக் கீழேயும் "வட்ஸ்அப்பில் கேளுங்கோ" என்று பொத்தான் வையுங்கள். அமத்தினால் வட்ஸ்அப் திறந்து, "வணக்கம், இரண்டு இஞ்சிப் பம்பி பற்றி, கேள்வி இல. 4172" என்று எழுதி ஆயத்தமாக நிற்கும். அவர் அனுப்பினால் மட்டும் போதும். 4172 எந்தக் குக்கிக்குக் கொடுத்தது என்று உங்களிடம் இருக்கிறது, நம்பர் வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஒரு இலக்கத்துக்கு முதல் வருகிற நம்பரை மட்டும் இணையுங்கள், ஏனென்றால் அதே வாசகத்தைக் குடும்பக் குறூப்பில் போட்டுவிடுவார்கள். அதே காரணத்தால், நீங்கள் ஒருவருக்கு அனுப்பிய லிங்கை யாரோ திறந்தார்கள் என்பது ஆளை அடையாளம் காணச் சான்றே அல்ல. பரந்தனுக்கு அனுப்பியதைப் பாரிஸில் திறப்பார்கள்.

பேஸ்புக் விளம்பரத்துக்குப் பட்டியலை ஏற்றும்போது நாட்டுக் குறியீடு கட்டாயம், பிளஸும் முன் 0உம் இருக்கக்கூடாது. வாங்கி முடித்தவர்களை விலக்குவதற்கு அந்தப் பட்டியலைப் பாவிப்பதுதான் முதல் மிச்சம். வட்ஸ்அப் பிஸ்னஸ் அப்பின் புரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கே போய்ச் சேரும். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 இடம், தாண்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. "கி" என்பதே இரண்டு இடம் பிடிக்கும். புதுக்குடியிருப்பு என்று எழுதினால் 18 போய்விடும். இரட்டைப் பதிவு எவ்வளவு காசைத் தின்னும் என்பதை இதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

சம்மதம்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பரச் செய்திக்குச் சம்மதம் கேட்கச் சொல்கிறது, காசில்லாமல் விலகுகிற வழியையும் காட்டச் சொல்கிறது. சட்டத்தை விடுவோம். பெயர், அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு வந்த படிவங்களை இங்குள்ள சனம் எத்தனையோ நிரப்பிவிட்டது. "பதிவு" என்ற சொல்லுக்கே முகம் மாறும். கடை கேட்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "அண்ணை, பம்பிக்கு உத்தரவாதம் எழுத நம்பர் வேணும். பசளை வந்தால் மெசேஜ் போடவோ, வேண்டாமோ?" இரண்டும் இரண்டு கேள்வி, இரண்டும் இரண்டு நிரலில் போக வேண்டும்.

பதிவுகளைச் சேர்க்கும்போது ஒன்றில் "வேண்டாம்" என்றும் மற்றதில் "ஓம்" என்றும் இருந்தால் "வேண்டாம்" தான் வெல்லும். வீட்டில் ஒருவர் காலமானால் அவர் பெயரில் எதுவும் போகாமல் அன்றே நிறுத்துங்கள். போன் மகனின் கைக்கு வந்திருக்கும், ஆனால் தகப்பன் சொன்ன "ஓம்" மகனுக்குச் செல்லாது.

எந்தச் சேர்ப்பையும் பிரிக்கக்கூடியதாக வையுங்கள்: எந்த இரண்டு பதிவு, எந்த நாள், எத்தனை புள்ளி, யார் சம்மதித்தது என்று ஒரு வரி. மாதத்துக்கு ஒருதரம் தானாகச் சேர்ந்ததில் ஐம்பதை எடுத்துக் கவுண்டர் ஆளிடம் காட்டுங்கள். ஐம்பதில் இரண்டுக்கு மேல் பிழை வந்தால் 75ஐ 80 ஆக்கிவிட்டு, அந்த மாதம் சேர்ந்ததையெல்லாம் பிரித்துத் திரும்ப ஓட்டுங்கள்.